அதற்கும் மேல்

சேன் பியேர் மருத்துவமனையின் பின்கட்டில்
எனக்கு நோயாளிகள் இல்லை.
குழாய்கள் உண்டு.
மஞ்சள் மூடி, ஊதா மூடி,
ஒட்டுத்தாளில் ஒரு பெயர்.

ழிஸ்லேன் சுப்புரமணியேன், முப்பத்தொன்று.
பிரெஞ்சு எழுத்தில் இடறி விழுந்து
மூக்குடைந்த முருகன்.
காரைக்காலிலிருந்து வந்த எனக்கு
அந்தக் காயம் தெரிகிறது.
அவளுக்கு அது வெறும் பெயர், நன்றாகவே இருக்கிறது.

முதல் வாரம் டெங்குவா என்று கேட்டார்கள். இல்லை.
சிக்குன்குன்யா? இல்லை.
வீட்டுக்காரன் லெ கோல் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டுகிறவன்,
கொல்லையில் எலி நனைத்த தண்ணீரோ?
அதுவும் இல்லை.
ஐந்து நாள் அடைகாத்த குப்பிகளில்
ஒரு கிருமியும் முளைக்கவில்லை.
காசநோய், லூபஸ், நிணநீர்க் கட்டி
இல்லை இல்லை இல்லை
என்று அச்சடித்து
பிரிண்டரில் மை தீர்ந்தது.

மாலை ஆறு நாற்பதுக்குக் காய்ச்சல் வருமாம்,
ஷிப்ட் மாறும் ஆள் மாதிரி.
முப்பத்தொன்பது எட்டு.
கூடவே கையிலும் மார்பிலும் தடிப்பு.
நள்ளிரவில் இரண்டும் கிளம்பிவிடும்.
காலையில் மருத்துவர் வரும்போது
தோல் ஒன்றும் அறியாததுபோல் கிடக்கும்.
வீட்டுக்காரன் போனில் படமெடுத்துக் காட்டினான்.
சால்மன் மீன் நிறம் என்று குறிப்பில் எழுதினார்கள்.
அந்த மீனை நான் உயிரோடு பார்த்ததில்லை.
வெட்டிய கொய்யா என்று எழுதியிருப்பேன்.

இனி என் பங்கு.

ஒரு வெள்ளிக்கிழமை ஃபெரிட்டின் கேட்டிருந்தார்கள்.
இயந்திரம் சொன்னது: இரண்டாயிரத்துக்கு மேல்.
எவ்வளவு மேல்?
நீர்த்துப் பார்க்க வேண்டும்,
பத்தில் ஒன்று, நூறில் ஒன்று.
மணி ஐந்து நாற்பது.
நீச்சல் வகுப்பில் மகள் காத்திருந்தாள்.
எண்ணுக்கு முன்னால் அந்தச் சிறு குறி,
பக்கவாட்டில் வாய்பிளந்த மீன்குஞ்சு,
அதையே முடிவென்று கையெழுத்திட்டேன்.

இரண்டாயிரத்துக்கு மேல் டெங்குவும் போகும்.
குடித்துக் கெட்ட ஈரலும் போகும்.
வார்டில் யாரோ அவளிடம் கேட்டார்களாம்,
ஒரு நாளைக்கு எவ்வளவு ரம் என்று.

பதினோரு நாள் கழித்து
டாக்டர் ஓதில் குரோந்தேன் போன் செய்தாள்.
விடுப்பு முடிந்து வந்தவள், குரலில் கோபமில்லை.
"இரண்டாயிரத்துக்கு மேல் என்பது எண் இல்லை, மதாம்."

பத்தில் ஒன்று: மீன்குஞ்சு மறுபடி வாய்பிளந்தது.
நூறில் ஒன்று:
முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
கழுவி, மறுபடி ஓட்டினேன்.
முப்பத்தெட்டாயிரத்து நூற்றைம்பது.

ஃபெரிட்டின் இரும்பைச் சேர்க்கும் குதிர்.
அவள் ரத்தமோ வெளிறியிருந்தது.
நெல்லில்லாத வீட்டில்
யாரோ ராப்பகலாய்க் குதிர் வனைந்துகொண்டிருந்தார்கள்.

உலர்பனியில் வைத்து ஒரு குழாயைப் பாரிசுக்கு அனுப்பினோம்,
அந்த ஃபெரிட்டினில் சர்க்கரை ஒட்டியது எத்தனை பங்கு என்று கேட்டு.
பாதிக்கு மேல் இருந்தால் சுகம்.
ஒன்பதாம் நாள் பதில்: நூற்றுக்குப் பதினொன்று.
எண் தனியாக ஒன்றும் சொல்லாது என்றாள் குரோந்தேன்.
தொண்டை எரிச்சல், வீங்கிய மணிக்கட்டு,
ஆறு நாற்பது, அத்தனை இல்லைகள்,
இவற்றின் நடுவில் உட்கார்ந்தால்தான் அது பேசும்.
பெரியவர்களுக்கு அபூர்வமாய் வரும் ஸ்டில் நோய்.
பாரிசுக்குக் காத்திராமல்
மருந்தை முன்பே தொடங்கியிருந்தாள்.
ஒரு புதன்கிழமை ஆறு நாற்பது வந்தது,
தனியாக.

அந்தப் பதினோரு நாளைப் பற்றி
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
நீர்க்க என்னிடம் கரைசலும் இல்லை.

இன்று அவளுடைய ஐந்தாவது குழாய்.
இரண்டாயிரத்துக்கு மேல் என்கிறது இயந்திரம்.
மணி ஐந்து முப்பத்தைந்து.
பிப்பெட்டை எடுக்கிறேன்.
போனில் மகள், தலை ஈரமாக:
இன்னும் எவ்வளவு நேரம்?
கொஞ்சம் என்று சொல்ல வாய்திறந்து
சொன்னேன்,
இருபத்தைந்து நிமிஷம்.